குறை சொல்லாத பக்கம்

பளீல் நானா கடையை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தாயிற்று. கண்டி ரோட்டில் கடுகண்ணாவை வளைவில் இப்போது வாகனங்கள் நிற்பதில்லை. ஹோர்ன் அடித்துவிட்டுப் போகின்றன. ஹோர்னை விற்றுச் சோறாக்கும் வித்தை அவருக்குத் தெரியாது.

வாங்க வந்தவர் கண்டியில் மூன்று கடை வைத்திருக்கும் இப்திகார் ஹாஜியார். கதிரையில் உட்காருமுன்பே குறை சொல்லத் தொடங்கினார். பளீலுக்கு அதில் கோபமில்லை. வாப்பாவின் கல்லாமேசைக்குக் கீழே தவழ்ந்து வளர்ந்தவர். குறை சொல்லாமல் விலை பேசுகிற ஆளைத்தான் அவர் நம்பமாட்டார்.

"கூரையப் பாருங்கொ நானா. இது கூரையா, சல்லடையா?"

"சல்லடைதான் ஹாஜியார். விலையையும் அதுல சலிச்சித்தான் சென்ன."

"வாகனம் நிப்பாட்ட எடமில்ல."

"நிக்கிற வாகனமும் இல்லயே."

தட்டுகளில் கறையான், தரையில் வெடிப்பு, எதிர்க்கடை வாசலில் படுத்திருந்த நாய் வரைக்கும் ஹாஜியார் விடவில்லை. முடித்தபோது விலை பாதியாகியிருந்தது.

பளீலுக்கு ஏதோ இடித்தது. கடையின் பின்பக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. கதவு சாத்தாத கக்கூஸும், பாசி பிடித்து இடிந்த மதிலும், மனைவி ஜெஸீமாவின் குசினியும் துணிக்கொடியும் அங்கேதான். விலை குறைக்க வந்தவருக்கு அது பெருநாள் சாப்பாடு அல்லவா?

மதிலுக்கு அப்பால், ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போன கிளை ரெயில்பாதை. தண்டவாளமெல்லாம் எப்போதோ போய், ஒட்டுப்புல் மண்டிவிட்டது. இப்போது பிரதேச சபை சரளை போட்டு நடைபாதையாக்குகிறது. வெள்ளைக்காரரும் கொழும்புப் பிள்ளைகளும் வருவார்களாம். பஸ் ஓடுகிற ஊரில் எவன் காசு செலவழித்து நடப்பான் என்று பளீல் சிரித்திருந்தார். "குசினி ஜன்னலுக்கு வந்து ப்ளேன்டீ கேக்கிறாங்க" என்று ஜெஸீமா சொன்னதையும் காதில் போடவில்லை.

அவர் பார்வை மெல்ல ஹாஜியாரின் களிசான் கால் விளிம்புக்கு இறங்கியது. சுற்றிவர ஒட்டுப்புல். ரோட்டில் காரை விட்டு இறங்கியவருக்கு ஒட்டுப்புல் எங்கிருந்து?

"சரி ஹாஜியார், நீங்க சென்ன விலைக்கே தாரன். பின்னால மதிலோரம் ஒரு துண்டு மட்டும் எனக்கு உடுங்கொ. ஆட்டுக்கூடு போட."

தேத்தண்ணிக் கோப்பை ஹாஜியாரின் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"அது சரிவராது நானா. பின்பக்கம் எனக்கு வேணும்."

"எனத்துக்கு?"

"சும்மா... கொஞ்சம் காத்து வர."

"அப்ப அந்தக் காத்த நானே வாங்கிக்கிறன் ஹாஜியார்."

ஹாஜியார் சிரித்துவிட்டார், பிடிபட்ட வியாபாரி பிடித்த வியாபாரியிடம் சிரிக்கிற சிரிப்பு. தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்து, ஸலாம் சொல்லி, புல்லைத் தட்டிக்கொண்டே காருக்குப் போனார்.

பளீல் நேரே குசினிக்கு நடந்தார். ஜன்னலுக்கு வெளியே முதுகுப்பையோடு இரண்டு பேர் ப்ளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜெஸீமா, கடைய விக்கல்ல. இந்தப் பக்கம் கதவு வெச்சி அப்படியே திருப்பப் போறன்."

"இது என்ட குசினி. எனக்கிட்டத்தான் விலை பேசோணும்."

பிறவிப் பழக்கம் பளீலை விடவில்லை. "இந்தக் குசினிக்கா? ஒரே புகை. தரையெல்லாம் ஈரம். அடுப்பும் ஒரு பக்கம் சாஞ்சி கெடக்குது. ரெண்டு பேர் நிண்டா மூணாவது ஆளுக்கு மூச்சு விட எடமில்ல..."

ஜெஸீமா அடுத்த கோப்பையை வெளியே நீட்டியபடி, திரும்பாமலே சொன்னாள்:

"ஜன்னலப் பத்தி மட்டும் ஒண்டும் செல்லல்லயே."