கழுவி வந்த கற்கள்

சேவுகப்பெருமாள் கொண்டுவந்த கற்களைப் பார்த்ததுமே நாகவல்லிக்கு அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது. கல், மண், தண்ணீர் சோதிக்கும் அவளுடைய காரைக்குடி ஆய்வுக்கூடத்துக்கு வருகிறவர்கள் கிழிந்த சாக்கில் எதையாவது அள்ளிவந்து கொட்டுவார்கள். தச்சுவேலைக்காரரான இவரோ பதினோரு சிவப்புக் கற்களையும் வெள்ளைத் துணியில் பொட்டலம் கட்டி வந்திருந்தார்.

சாக்கோட்டைப் பக்கம் அவருக்கு ஒரு ஏக்கர் செம்மண் நிலம். மனைவி மீனாளைப் போன வருடம் அதில்தான் அடக்கம் செய்திருந்தார். பாக்சைட் தேடி ஒரு கம்பெனி அங்கே துளை போட வரப்போகிறதாம். அலுமினியம் எடுக்கும் அந்தக் கல் இருந்தால் நிலத்தையே தோண்டிவிடுவார்கள்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லீருங்க தாயி" என்றார்.

சொல்ல முடியவில்லை. அலுமினியம் தரும் அலுமினா நாற்பத்தாறு சதவீதம். சிலிக்கா வெறும் மூன்று. சிலிக்கா அதிகமிருந்தால் அலுமினாவைப் பிரிக்கும் செலவு எகிறிவிடும், கம்பெனிகள் திரும்பிப் பார்க்காது. இந்தப் பாழாய்ப்போன கல்லிலோ அது குறைந்து கிடந்தது. மறுபடி சோதித்தும் அதே கதைதான். அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

அவர் துணியை நாலாக மடித்தார்.

"ஒரு பொழுது பூராம் ஒவ்வொரு கல்லையும் பிரஷ்ஷைப் போட்டுத் தேச்சேன். ஓட்டைக்குள்ள இருந்த களிமண்ணை ஆணியால நோண்டி எடுத்தேன். படிச்ச பிள்ளை மேசைக்கு அழுக்கோடயா கொண்டாருவேன்? இதைக் கேக்கத்தானா?"

நாகவல்லிக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிலிக்கா இருப்பதே அந்தக் களிமண்ணில்தான். மரத்தை இழைத்தே பழகிய கை, கல்லையும் இழைத்துக் கொண்டுவந்துவிட்டது. கழுவினீர்களா என்று ஒரு வார்த்தை கேட்காத தன் புத்தியை அவள் நொந்துகொண்டாள்.

அன்று மதியமே ஸ்கூட்டரில் அவரோடு போய், ஐந்து இடங்களில் தோண்டி, களியும் கல்லுமாக அள்ளி வந்தாள். இந்த முறை சிலிக்கா இருபத்தேழு.

"களிதாங்கய்யா நிறைய. இதை எந்தக் கம்பெனியும் சீந்தாது" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அரைத்த பொடியில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.

"மீனாள் கெடக்குற நெலத்து மண்ணு தாயி. அங்குட்டே போட்டுர்றேன்."

மாதிரியை ஆறு மாதம் பத்திரப்படுத்த வேண்டும் என்பது விதி. விதியாவது ஒன்றாவது. நாகவல்லி கிண்ணத்தை ஒட்ட வழித்து, அதே வெள்ளைத் துணியில் கொட்டினாள்.