ஏழாவது ஆள் தேவை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அதுவாக வந்து கழுத்தில் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளுக்குக் கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர் எல்லாம் இலவசமாக இரவல் கொடுக்கும் ஒரு சங்கத்துக்கு நான் செயலாளர். "நீதான் கதை எழுதுறவளாச்சே, கூட்டக் குறிப்பு எழுதுறதெல்லாம் உனக்கு ஒரு வேலையா?" என்று பேசிப் பேசியே என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வருஷா வருஷம் பதிவு அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை போக வேண்டும். அதில் செயலாளர் ஓர் உறுதிமொழி தர வேண்டும். நிர்வாகக் குழுவில் ஏழு பேர் இருக்கிறோம், எங்களில் யாருக்கும் யாரும் ரத்தவழியிலோ கல்யாணவழியிலோ சொந்தமில்லை என்று. இத்தனை வருஷமும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டவள், இந்த வருஷம் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காரணம், காதல்.

(இந்த இடத்தில் என் கணவர் எட்டிப் பார்த்து, "காதல்னு சொல்லிட்டே, இனிமே உன் சங்கத்து விதிய எவன் படிப்பான்?" என்றார். படிப்பீர்கள். விதி இல்லாவிட்டால் இந்தக் காதலில் ஒரு சிக்கலும் இல்லையே.)

2

அந்தி வெயில் தெருவில் பொன்னாக உருகி வழிந்த அந்த மாலையில், அவள் கூந்தலை

சே. அன்றைக்கு மேகமூட்டம். பொன்னும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கதாநாயகி மேட்ரனக்கா தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருப்பார். மறுபடி தொடங்குகிறேன்.

எங்கள் அலுவலகம் ஒரு பழைய கார் பட்டறை. ஷட்டரைத் தூக்கினால் டெட்டாலும் கிரீஸும் சேர்ந்த வாசனை முகத்தில் அடிக்கும். பொருளாளர் டிரைவரண்ணன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழுதுபார்ப்பதும் அவரே. திரும்பி வருகிற சக்கர நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்து, இன்னோர் ஆள் தள்ளி, தெருவைச் சுற்றிவந்த பிறகுதான் அது அடுத்த வீட்டுக்குப் போகும். அது அவர் வைத்த சட்டம். "பட்டறைக்குள்ள எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். ரோட்ல இறக்கினாத்தான் தெரியும்" என்பார். தள்ளுவது அவர். உட்காருவது சங்கத் தலைவர் மேட்ரனக்கா. அவரும் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்குமே துணை போய் வெகுகாலமாகிறது.

ஆரம்பத்தில் போன சுவடு தெரியாமல் திரும்பி வருவார்கள். பிறகு பூங்கா வரைக்கும் போனார்கள். ஒருநாள் மேட்ரனக்காவின் மடியில் கடலைப் பொட்டலம் வந்தது, பாதி காலியாக. நாங்கள் கண்டும் காணாமல் இருந்தோம். ஒரு வாக்கரையும் சோதிக்க இருவரும் சேர்ந்து கிளம்பியபோதுதான் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏண்ணே, சக்கரமே இல்லாத வாக்கருக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

"ஒருத்தர் நடக்கணும், ஒருத்தர் பாக்கணும்ல தங்கச்சி?" என்று சொல்லிவிட்டு, காது சிவக்கப் போனார் மனுஷன்.

3

டிரைவரண்ணன் பாத்திரத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ரொம்ப நல்லவராக இருக்கிறார், வாசகர் நம்பமாட்டார். அதனால் கூட்டத்தில் குறட்டை விடுகிறவராக ஆக்கிப் பார்த்தேன். அது மேட்ரனக்காவுக்குப் பிடிக்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

நல்லவர்தான். என்ன செய்ய? பேச்சை நீட்டாமல் நேராகவே வந்து சொன்னார். "தங்கச்சி, நாங்க கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆடிட்டர் பெண்தான் லேப்டாப்பை மூடினாள். எங்கள் கணக்கைத் தணிக்கை செய்கிறவள். வயதில் என்னைவிடச் சின்னவள், வாயில் பெரியவள்.

"வாழ்த்துக்கள் அண்ணே. ஆனா புருஷன் பொண்டாட்டி ஒரே குழுவுல இருக்க முடியாது. ஒருத்தர் விலகணும். விலகினா ஆறு பேரு. ஏழுக்குக் குறைஞ்சா பதிவை நிறுத்தி வெச்சிருவாங்க. பதிவு நின்னா ஆஸ்பத்திரி நமக்கு ஒரு கட்டில் தராது. மாசக் கடைசிக்குள்ள அறிக்கை போகணும்."

"நான் விலகிக்கிறேன்" என்றார் அவர். "நட்டு திருகுறதுக்குப் பதவியா வேணும்?"

"உங்க இடத்துக்கு யாரு?"

மேட்ரனக்கா படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே சொன்னார். "அப்போ கல்யாணம் வேண்டாம். எனக்குக் கல்யாணம் ஆகலைன்னா யாருக்கும் முதுகுல புண்ணு வராது. கட்டில் போகலைன்னா வரும்."

டிரைவரண்ணன் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அவர்கள் காதும் காதும் வைத்தாற்போல் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். ஆடிட்டர் பெண் படித்துவிட்டு, "அக்கா, இது கதையில்ல, குத்தம்" என்றாள்.

இரண்டாம் முடிவு: கல்யாணம் இல்லை. காலமெல்லாம் அவர் தள்ள, இவர் உட்கார, தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். என் கணவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இலக்கியமா இருக்கு" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் வந்ததே எனக்குக் கோபம்! இரண்டு பேர் வாழ்க்கை உனக்கு இலக்கியமா? கிழித்துப் போட்டேன்.

மூன்றாம் முடிவு: ஏழாவது ஆளைக் கண்டுபிடிப்பது. இதற்குத்தான் நாயாய் அலைந்தேன். மருந்துக்கடைக்காரர் சரியென்றார், மேட்ரனக்காவுக்குச் சம்பந்தி. தையல்காரி எனக்கே ஓரகத்தி. பள்ளிக்கூடத்து டீச்சர் குழு உறுப்பினர் ஒருவருக்கு நாத்தனார். பேக்கரிக்காரர் யாருக்கும் எதுவும் இல்லை என்று துள்ளிக் குதித்தேன். அடுத்த வாரமே அவர் மகளுக்கும் எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகனுக்கும் நிச்சயமாகிவிட்டது. வாழ்த்துச் சொன்ன வாயாலேயே முணுமுணுத்தேன். ஒரு தெருவில் இத்தனை சொந்தமா? பற்றியெரிந்தது எனக்கு.

(ஆடிட்டர் பெண்ணையே சேர்த்தால் என்ன என்கிறீர்களா? கணக்கைத் தணிக்கை செய்கிறவள் குழுவில் இருக்கக்கூடாது. கேட்டுப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.)

5

எழுத்தாளர் என்ற திமிர் தலைக்கேறியது. ஆள் இல்லாவிட்டால் என்ன, உண்டாக்கிவிட்டால் போகிறது! கடிகாரம் பழுதுபார்க்கிறவர். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர். ஒண்டிக்கட்டை. நேர்மையானவர். நாலே வரியில் ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்து, "வணக்கம்" என்றார்.

ஆடிட்டர் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "யாருக்கா இவரு?"

"நான் எழுதினவரு."

"அப்போ உங்க சொந்தம்."

"ரத்தவழியிலயா, கல்யாணவழியிலயா?"

"விளையாடாதீங்க. நீங்க கையத் தூக்குன்னா தூக்குவாரு, எறக்குன்னா எறக்குவாரு. சொந்தக்காரங்க வேண்டாம்னு விதி சொல்றதே அதுக்காகத்தான். நம்ம தப்பு பண்ணா, 'இது தப்பு'ன்னு எழுந்து சொல்ற ஆள் வேணும்."

கடிகாரக்காரர் என்னைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடமே கேட்பதுபோல. பாவம், அனுப்பிவைத்துவிட்டேன்.

(அவளையும் நான்தானே எழுதுகிறேன், அவள் மட்டும் எப்படி என்னை எதிர்த்துப் பேசுகிறாள் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியவில்லை.)

6

இன்று கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருக்கிறோம். டிரைவரண்ணன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். விலகல் கடிதம் பையில் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா வேண்டாமா என்பது இன்று தெரிந்துவிடும். மேட்ரனக்கா மடித்த விரிப்பையே பிரித்து மறுபடி மடிக்கிறார். "கல்யாணம் வேண்டாம்" என்று அத்தனை உறுதியாகச் சொன்னவர், வாசலை ஏன் இத்தனை தடவை பார்க்கிறார்?

நான் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். இந்தக் கதையில் யாருக்கும் நீங்கள் சம்பந்தி இல்லை, ஓரகத்தி இல்லை, மச்சான் இல்லை. நான் உங்களை உண்டாக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு நீங்கள் கையைத் தூக்கப்போவதுமில்லை. இரண்டாம் முடிவே நன்றாக இருந்தது என்றுகூட நினைத்திருப்பீர்கள். அதையும் கூட்டத்தில் எழுந்து சொல்லலாம், சண்டை போடுவோம். வேலை பெரிதாக ஒன்றுமில்லை. மாதம் ஒரு கூட்டம், வாயைத் திறந்து பேசும் தைரியம், எப்போதாவது ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தெருவைச் சுற்றிவர வேண்டும். தள்ளுவதற்கு நல்ல ஆள் இருக்கிறார். சம்மதமா, இல்லையா? இல்லையென்றாலும் நியாயம்தான், உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்.

"ஆரம்பிக்கலாமா?" என்று மேட்ரனக்கா கேட்கிறார்.

"ஒரு நிமிஷம் அக்கா" என்கிறேன். கூட்டக் குறிப்பில் 'வந்திருந்தோர்' என்று எழுதி, எங்கள் பெயர்களைக் கீழே ஒவ்வொன்றாக எழுதிவிட்டேன். கடைசி வரி காலியாக இருக்கிறது. அதை நான் எழுதக்கூடாது. எழுதினால் நீங்களும் எனக்குச் சொந்தமாகிவிடுவீர்கள்.