ஓட்டைத் துணி போர்த்திய டோம்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில், மில்பிடாஸ் ஊரில் நசுருதீன் பாய் வீட்டுத் தோட்டத்தில், ஒரு துணியைப் பற்றி நடந்த சண்டை. எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. சனிக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். என் வாடகை அறையில் என்னோடு பேச ஃப்ரிட்ஜ் மட்டும்தான் உண்டு. அதுவும் விட்டுவிட்டுத்தான் பேசும்.

முதல் வரியை இப்படி எழுதினேன்:

"பரந்து விரிந்த பாலைவனத்தில் காற்று ஒரு"

காற்று ஒரு என்ன? இரண்டு நாள் யோசித்தேன். எனக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவர் யாரும் இல்லை. உவமை வேண்டுமென்றால் கேட்பதற்கு ஆளில்லை. போன வருஷம் காற்று அடித்தது, துணியைத் தூக்கிக்கொண்டு போனது. அவ்வளவுதான் நடந்தது. அந்த வரியை அப்படியே நிறுத்திவிட்டேன்.

அடுத்த வரி:

"நசுருதீனுக்கு முக்கோணங்கள் பிடிக்கும்."

இது உண்மை. வைத்துக்கொள்வோம்.

2

பாய் மெக்கானிக்கல் இன்ஜினியர். இரும்புக் குழாய்களின் முனைகளை நசுக்கி, ஓட்டை போட்டு, போல்ட் மாட்டி, முக்கோணம் முக்கோணமாகச் சேர்த்து, கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு டோம் செய்திருந்தார். மகள் ஃபைஹாவின் பள்ளிக்கூட வானியல் கிளப் வசந்த விடுமுறையில் நெவாடாவில் ஒரு வறண்ட ஏரிப் படுகையில் முகாம் போடும். ராத்திரி நட்சத்திரம் பார்ப்பார்கள். பகலில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அதற்குத்தான் டோம்.

போன வருஷம் அதன்மேல் நீலத் தார்ப்பாயைப் போர்த்தினார். மத்தியானக் காற்றில் தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறந்துபோய், ஃபிசிக்ஸ் வாத்தியாரின் டெலஸ்கோப்பை மூடிக்கொண்டது. வாத்தியாரும் உள்ளே இருந்தார். ஃபைஹாவின் வகுப்பில் எல்லோரிடமும் அந்த வீடியோ இருக்கிறது. இந்த வருஷம் அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்:

"அத்தா, ஐ ஆம் சீரியஸ். திஸ் இயர் இட் ஃப்ளைஸ், யூ கைஸ் ஆர் நாட் கமிங் அகெய்ன். எவர்."

"எவரா?"

"எவர்."

பாய்க்கு நட்சத்திரம் எல்லாம் ஒன்றுதான். நிலாவைத் தவிர வேறெதையும் அவர் பெயர் சொல்லிக் காட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் வருஷத்தில் அந்த மூன்று நாள்தான் மகள் அறைக் கதவைச் சாத்திக்கொள்ளாமல் இருக்கிறாள். டோமுக்குக் கதவு கிடையாது.

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானாக எழுதினேன். எழுதிவிட்டு அவருக்குப் படித்துக் காட்டினேன். மறுக்கவில்லை. "டீ ஆறுது, குடிய்யா" என்றார்.

3

[இந்த இடத்தில் துணி வகைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பாயின் மனைவி பத்ருன்னிசா அக்கா படித்துவிட்டு, "என்ன தம்பி, ஜவுளிக்கடை நோட்டீஸ் மாதிரி இருக்கு?" என்றார். எடுத்துவிட்டேன்.]

சண்டைக்கு வருகிறேன். பாய் இந்த முறையும் தார்ப்பாய்தான் என்றார். இன்னும் கனமான தார்ப்பாய். அக்கா பாராசூட் துணி வேண்டும் என்றார்.

"பாராசூட்டா? பேரைக் கேட்டியா? பறக்கறதுக்குன்னே செஞ்ச துணி அது!"

"உங்க தார்ப்பாய் மட்டும் என்ன, படுத்துத் தூங்கிச்சா? வாத்தியார் தலையில போய் உக்காந்துச்சே."

"அதுக்குத்தான் வெயிட்டா வாங்கறேங்கறேன்."

"வெயிட்டா இருந்தா வெயிட்டா பறக்கும். அந்த மனுஷனுக்குக் கழுத்து போயிரும்."

"தம்பி, நீயே சொல்லுய்யா. ரைட்டருன்னு பேரு, ஒண்ணு சொல்ல மாட்டேங்கற."

நான் கத்தரிக்காய் தால்ச்சாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி இடங்களில் எழுத்தாளன் எந்தக் கட்சியும் சேரக்கூடாது. அடுத்த சனிக்கிழமையும் சாப்பிட வேண்டும்.

4

இந்தப் பாத்திரம் கதைக்குத் தேவையா என்று எனக்கு இன்னும் சந்தேகம்: பக்கத்து வீட்டுக் கிட்டுசாமி, கோயமுத்தூர்க்காரர். அவரிடம் உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளும் மெஷின் இருக்கிறது. துணி தாங்குமா என்று பார்க்கக் காற்று வேண்டியிருந்ததால் அவரைக் கதைக்குள் கொண்டுவந்தேன். ஒரு மெஷினுக்காக ஒரு மனிதரை உள்ளே விடலாமா?

எடுத்துவிட நினைத்தபோது அவரே வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"ஏனுங்க, என்னையக் கதையில போடறீங்களாமா? கொஞ்சம் நல்ல ஆளாப் போட்டுருங்க."

அதனால் இருக்கிறார். நல்ல ஆள்தான்.

டோமின்மேல் கனமான தார்ப்பாயைக் கட்டினோம். கிட்டுசாமி கீழ் ஓரத்தில் மெஷினை வைத்து ஊதினார். தார்ப்பாய் பூரி மாதிரி உப்பியது. டோம் ஒரு காலைத் தூக்கியது. நசுருதீன் பாய் பாய்ந்து குழாயைக் கட்டிப்பிடித்தார். பாயையும் சேர்த்துக் கொஞ்சம் தூக்கியது. (கொஞ்சம்தான். முதல் பிரதியில் நிறையத் தூக்க வைத்திருந்தேன். பாய் குறைக்கச் சொன்னார்.)

மாடி ஜன்னலிலிருந்து ஃபைஹா பார்த்துவிட்டாள்.

"ஓ மை காட்," என்றாள். ஜன்னலைச் சாத்தினாள்.

பாய் குழாயை விட்டுவிட்டு அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டுசாமி மெஷினை அணைத்தார்.

5

இந்தப் பகுதியில் நான் வாயைத் திறந்தேன்.

சின்ன வயதில் எங்கள் தர்மபுரியில் தலைவர்களின் ஃபிளெக்ஸ் பேனரெல்லாம் அரைவட்டம் அரைவட்டமாகக் கிழிந்திருக்கும். எதிர்க்கட்சிக்காரர்கள் ராத்திரியில் வந்து பிளேடு போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். எல்லாக் கட்சி பேனரிலும் அதே அரைவட்டம் ஏன் என்று யோசித்ததில்லை. இதைச் சொன்னதும் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"யோவ்," என்றார் பாய், "அது காத்து போறதுக்குக் கட்டறவனே போடற ஓட்டைய்யா!"

"இத்தன நாளா இது தெரியாமயா ரைட்டரா இருக்கீங்க?" என்றார் கிட்டுசாமி.

சிரித்து ஓய்ந்ததும் தார்ப்பாயில் அரைவட்டங்கள் வெட்டினோம். கிட்டுசாமி ஊதினார். வெட்டின இடமெல்லாம் நாக்கு மாதிரி படபடவென்று அடித்துக்கொண்டு, அங்கிருந்தே நீளமாகக் கிழிந்தது. பாய் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"நாலு ஓட்டை பத்தலையோ என்னமோ," என்றார் பத்ருன்னிசா அக்கா. "நம்ம தம்பி எழுதற கதை மாதிரி, முழுக்க ஓட்டையாவே இருந்தா?"

என்னைக் கிண்டல் செய்யத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். பாய் எழுந்தார்.

"நிழல்வலை! நர்சரியில செடிக்கு மேல கட்டுவாங்களே!"

"அதத்தான் நான் சொன்னேன்."

"நீ எங்க சொன்ன?"

"இப்பதான, எல்லாரும் கேட்டாங்களே!"

இந்தப் பெருமை யாருக்கு என்று கதையில் தெளிவாக எழுதச் சொல்லி இரண்டு பேரும் தனித்தனியாக எனக்கு ஃபோன் செய்தார்கள். மேலே இருப்பது நடந்தபடி. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அக்கா வலையை முக்கோணங்களாக வெட்டித் தைத்தார். ஓரத்துக்குப் பட்டை நாடா. குழாயில் கட்ட, இழுத்தால் இழுபடும் ரப்பர் கயிறு. கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் துணி கிழியாது என்றார் பாய். கிட்டுசாமி எல்லாப் பக்கமிருந்தும் ஊதினார். வலை ஒருமுறை மூச்சு விட்டது. அவ்வளவுதான். மாடி ஜன்னல் திறந்திருந்ததாக அக்கா சொன்னார். நான் பார்க்கவில்லை.

6

இங்கே இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் துணி பறந்துவிடுகிறது. சோகமாக முடித்தால்தான் பத்திரிகையில் போடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எழுதி முடித்த அன்று எனக்கே சாப்பாடு இறங்கவில்லை. அழித்துவிட்டேன்.

நடந்தது இது. என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் மேற்கே வெள்ளையாகப் புழுதி எழும்பியது. மற்றவர்களின் கூடாரங்கள் ஒவ்வொன்றாகக் கால் மடக்கின. பிள்ளைகள் எல்லோரும் எங்கள் டோமுக்குள் ஓடிவந்தார்கள். வாத்தியார் டெலஸ்கோப்பைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தார்.

வலை தடதடவென்று நடுங்கியது. உப்பவில்லை. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது. புழுதியும் தாராளமாக உள்ளே வந்தது. நிழல்வலை புழுதியைத் தடுக்காது. பிரியாணிச் சட்டியின் மூடியை அக்கா இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். யாரோ ஒரு பையன் பாட ஆரம்பித்தான். எல்லோருக்கும் புருவம் வெள்ளை.

அப்போது காற்று அடித்த பக்கத்தில் ஒரு கயிறு அறுந்தது. ஓரம் சடாரென்று எழும்பியது. நான் எழுந்திருப்பதற்குள் ஃபைஹா தாவி அதைப் பிடித்துவிட்டாள். பாய் அடுத்த முனையைப் பிடித்தார். அப்பாவும் மகளும் இரண்டு பக்கமும் தொங்கினார்கள். நடுவில் துணி நின்றது.

வெளியிடத்தில் அவள் அவரை "டாட்" என்பாள். அதுவும் அவசியம் வந்தால். இப்போது வகுப்பு மொத்தமும் பார்க்க, வாயெல்லாம் புழுதியோடு, சிரித்துக்கொண்டே கத்தினாள்:

"அத்தா!"

பிறகு இன்னும் ஏதோ சொன்னாள். தமிழில்தான். உதடு அசைந்ததைப் பார்த்தேன். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. பாய்க்குக் கேட்டது. அப்படி ஒரு சிரிப்பை அந்த மனிதரிடம் நான் பார்த்ததில்லை.

7

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"அது எங்களுக்குள்ளய்யா," என்றார் பாய். ஓட்டிக்கொண்டே மறுபடி சிரித்தார்.

"கயித்த விட்றாதீங்கன்னு சொல்லியிருப்பா, வேற என்ன," என்றார் அக்கா. அவர் குரலில் நம்பிக்கை இல்லை.

ஃபைஹா ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அங்கிள், ஜஸ்ட் புட் வாட்எவர். இட்ஸ் யுவர் ஸ்டோரி."

போட்டுப் பார்த்தேன். எனக்கு மகள் இல்லை. புயலுக்கு நடுவில் சிரித்துக்கொண்டே ஒரு மகள் என்ன சொல்வாள் என்று நான் எழுதியதெல்லாம் பொய்யாக இருந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நீங்கள் யாரிடமாவது அப்படிக் கத்தியிருக்கலாம். இடம் விட்டிருக்கிறேன்.

"அத்தா, ..................................................!"

பென்சிலில் எழுதினாலும் போதும். கொஞ்சம் சத்தமாக எழுதுங்கள். இங்கே காற்று பலமாக அடிக்கிறது.