பிரெஸ்தேயின் சொந்தச் செலவு

கொழுந்தன் காசிமிரோ எடுத்த மாதா திருவிழாவுக்கு நெமேசியா இருந்ததிலேயே நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு போனாள். கும்பிடப் போகவில்லை, பழி தீர்க்கத்தான் போனாள்.

எல் ஆல்ட்டோ நகரத்தில் ஓர் இரும்புக் கதவுப் பட்டறையை அவள் புருஷன் எவரிஸ்தோவும் தம்பி காசிமிரோவும் சரிபாதியாகத் தொடங்கியிருந்தார்கள். எவரிஸ்தோவின் சிறுநீரகம் கெட்டுப்போனபோது, பட்டறைக் கணக்கிலிருந்து முன்பணம் கேட்டாள் நெமேசியா.

"பட்டறை வேற, வீடு வேற அண்ணி. இன்னிக்கு மருந்துக்கு எடுப்பீங்க, நாளைக்கு மளிகைக்கு எடுப்பீங்க," என்றான் காசிமிரோ.

அதோடு விட்டானா படுபாவி? பட்டறைப் பணத்தை வீட்டுக்கு எடுக்கிற பங்காளி நிர்வாகத்தை விட்டு விலகவேண்டும் என்று ஒப்பந்தத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்து, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அண்ணனிடம் கையெழுத்து வாங்கினான். எவரிஸ்தோ செத்துப்போனான். அவன் பங்கு நெமேசியாவுக்கு வந்தது. சாவியும் காசோலைப் புத்தகமும் மட்டும் கொழுந்தனை விட்டு நகரவில்லை.

இந்த வருஷம் தெருத் திருவிழாவுக்குக் காசிமிரோதான் பிரெஸ்தே. வாத்தியம், பீர், விருந்து எல்லாம் தன் செலவில் இறக்கித் தெருவையே ஆடவைக்கிறவனுக்குத்தான் அந்தப் பெயர். அதற்காக வீட்டை அடகு வைத்தவர்கள்கூட உண்டு. காசிமிரோ அவ்வளவு ஏமாளி இல்லை. பீர் லாரிக்காரன் பட்டறை பேருக்கே ரசீது நீட்டியபோது நெமேசியாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

வக்கீல் உதட்டைப் பிதுக்கினார். "விளம்பரச் செலவுன்னு சொல்லித் தப்பிச்சிடுவான்மா. இது சொந்த விழான்னு அவன் வாயாலயே வரணும்."

"வரவைக்கிறேன்."

விழாப் பந்தலில் வீடியோக்காரன் வழக்கம்போல ஒவ்வொரு முகமாகப் பிடித்துக்கொண்டிருந்தான். நெமேசியா மைக்கை வாங்கினாள்.

"சொந்தக்காரங்களே! இந்த விழாவுக்குக் குடுத்தது நம்ம கதவுப் பட்டறை. பட்டறையில பாதி என்னுது. அப்போ பிரெஸ்தேயும் பாதி நான்தானே? நகருங்க தம்பி, அந்தப் பட்டுத் துண்டை என் தோள்லயும் கொஞ்சம் போடுங்க!"

பந்தல் சிரிப்பில் அதிர்ந்தது.

"என்னடா காசிமிரோ, நீ அரை பிரெஸ்தேயா?" என்று ஒரு கிழவர் கத்தினார். "அண்ணி காசுலயா இந்த ஆட்டம்?" என்றது இன்னொரு குரல்.

காசிமிரோவின் முகம் சிவந்தது. பெண்டாட்டி அவன் விலாவில் இடித்தாள். அவன் மைக்கைப் பிடுங்கினான்.

"அண்ணிக்கு பீர் தலைக்கேறிடுச்சு! பட்டறைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. வாத்தியம், பீர், உங்க தட்டுல இருக்கிற பன்னிக்கறி, எல்லாமே நானும் என் பொண்டாட்டியும் போட்டது. இது என் வீட்டு விழா. மாதா மேல சத்தியம்!"

கைதட்டல் பறந்தது. வீடியோக்காரன் இன்னும் கிட்டே வந்தான்.

"தெரியாம சொல்லிட்டேன் தம்பி, மன்னிச்சிடுங்க," என்று நெமேசியா காசிமிரோவின் தலையில் காகிதப்பூத் தூளைக் கொட்டி, ஆடக் கூப்பிட்டாள். குடும்பத்துப் பெண் கூப்பிட்டால் பிரெஸ்தே மறுக்க முடியாது. வாத்தியம் முழங்கியது. கைகோத்துச் சுற்றும்போது அவன் காதில் சொன்னாள்.

"நீங்க சொன்னது எல்லாம் வீடியோவுல இருக்கு. பங்காளின்னு பேங்க்ல கேட்டு வாங்கின பட்டறைக் கணக்கும் என்கிட்ட இருக்கு. திங்கக்கிழமை சாவியை வக்கீல்கிட்ட குடுத்துடுங்க. நீங்க எழுதின வரிதானே?"

அவன் கால் பின்னியது.

"நிக்காதீங்க தம்பி. தெருவே பாக்குது."

"எடுத்ததைத் திருப்பி வச்சிடுறேன் அண்ணி," என்றான், கேமராவுக்காகச் சிரித்துக்கொண்டே. "அந்தப் பட்டறையை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

"எனக்குப் புருஷன் இருந்தான்."

அவள் வயிறு குளிர்ந்தது. பாட்டு முடிந்ததும், வாத்தியக்காரர்களை இன்னொரு சுற்று வாசிக்கச் சொல்லிவிட்டு, மறுபடியும் அவன் கையைப் பிடித்தாள்.