சுகப்பிரியாவின் பீரோ

அருள்பாண்டிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் அவன் மனைவி ஆடி மாதத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

இப்படியொரு நிலைமைக்கு அவனைக் கொண்டுவந்தது தூக்கம். இருங்காட்டுக்கோட்டையில் அவன் தங்கியிருந்த அறையில் எட்டுப் பேருக்கு நான்கு பாய். பகல் ஷிப்ட்காரன் எழுந்ததும் நைட் ஷிப்ட்காரன் அதே பாயில் விழவேண்டும். பாய் சூடு ஆறியதாகச் சரித்திரம் இல்லை. அருள்பாண்டிக்கு நைட் ஷிப்ட். பெயின்ட் அடித்து வரும் கார்க் கதவுகளை வரிசையாக எரியும் டியூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தி, தூசி, கீறல், குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. கண்ணுக்குத்தான் சம்பளம். பகலில் அந்தக் கண்ணை மூடலாம் என்றால், அறையில் ஒருவன் போனில் காதலியோடு சண்டை போடுவான், ஒருவன் கோழிக்குழம்பு வைப்பான், ஒருவன் தண்டால் எடுத்தபடி சத்தமாக எண்ணுவான். இரண்டு முறை லைனில் நின்றபடியே சொக்கிவிட்டான். சூப்பர்வைசர் கோதண்டராமன் கத்தவெல்லாம் இல்லை.

“மூணாவது தபா உன்ன எழுப்ப மாட்டேன் தம்பி. ஐடி கார்ட மட்டும் கழட்டிக்கினு போய்டுவேன். நீ பாட்டுக்குத் தூங்கு.”

அதனால் தனி வீடு தேடினான். வல்லம் வடகாலில் எல்லா வாசலிலும் ஒரே கேள்வி: “பேச்சலரா, ஃபேமிலியா?” பேச்சலர் என்றால் வாசல்படியோடு சரி. பதினொரு வீட்டில் உண்மையைச் சொன்னான். பன்னிரண்டாவது வீட்டில் உண்மை தீர்ந்துவிட்டது.

“ஃபேமிலிதான்க்கா.”

வீட்டுக்காரி மரகதம் இடுப்பில் கை வைத்து அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். “எங்கப்பா ஃபேமிலி?”

“ஊர்ல இருக்காக்கா. இப்பதான் ஆறு மாசம் ஆச்சு கல்யாணம் முடிஞ்சு. ஆடி வருதுல்லா, அவுக அம்மா வீட்டுல கூட்டிட்டுப் போயிட்டாக. ஆவணி பொறந்ததும் வந்துருவா.”

ஆடியில் புதுப்பெண்ணைப் புருஷனிடமிருந்து பிரித்து வைப்பது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம் என்பதால் கேள்வி கேட்க வழியில்லை. ஆனி மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருந்ததால் குடிவருவதற்கும் தடையில்லை. மரகதம் சாவியைக் கொடுத்தாள்.

அவள் புருஷன் பாண்டுரங்கன் கேட்டருகே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் வந்ததை வைத்து நான்கு போர்ஷன் கட்டி, அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. வருகிற போகிற ஆளைப் பார்ப்பது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை “மரகதம்!” என்று கூப்பிடுவது, இரண்டும் அவர் முழுநேர வேலை. “மரகதம், தண்ணி!” “மரகதம், ரிமோட்டு எங்க?” “மரகதம், மணி இன்னா?” கைக்கடிகாரம் கையில்தான் இருக்கும்.

மறுநாளே மரகதம் அவன் குடியிருந்த கடைசி போர்ஷனுக்குள் தலையை விட்டாள். ஒரு பாய், ஒரு பக்கெட், ஒரு பை.

“இன்னாப்பா, ஃபேமிலின்ற. ஒரு சாமானும் காணோமே?”

“வந்துகிட்டே இருக்குக்கா.”

சாமான் தளவாய் கடையிலிருந்து வரவேண்டியிருந்தது. ஒரகடம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டுப் பழைய வீட்டுச் சாமான் விற்கிறவர், அருள்பாண்டியைப் போலவே தென்காசிப் பக்கத்துக்காரர். எந்தக் கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள் என்பது செய்தித்தாளில் வருவதற்கு முன் அவர் கடையில் தெரிந்துவிடும். திங்கட்கிழமை முப்பது மிக்ஸி வந்து இறங்கினால் சனிக்கிழமை முப்பது பேருக்கு கான்ட்ராக்ட் முடிந்திருக்கிறது என்று அர்த்தம்.

“அண்ணே, பொண்டாட்டி இருக்க மாதிரி ஒரு வீடு வேணும்.”

தளவாய் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “கல்யாணம் ஆகி எத்தன வருசம்?”

“ஆறு மாசம்.”

“அப்பம் மிக்ஸி புதுசா தெரியணும். கட்டில் லேசா ஆடலாம், தப்பில்ல. புள்ள?”

“இல்லண்ணே.”

“நல்ல தொட்டில் ஒண்ணு கெடக்குல.”

“வேண்டாம்ணே.”

“பின்னால வருத்தப்படாத. சரி, பீரோ பாரு.”

மெரூன் கலர் பீரோ. கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடி ஓரத்தில் யாரோ ஒட்டிவைத்து மறந்துபோன ஐந்து ஸ்டிக்கர் பொட்டுகள். ஆதாரம் என்றால் இதுதான் ஆதாரம். அருள்பாண்டி தொழில்முறைப்படி சாய்ந்தும் குனிந்தும் பார்த்தான். தூசி இல்லை, கீறல் இல்லை, குமிழ் இல்லை. பாஸ் செய்தான். கூடவே ஒரு கட்டில்: வெளிநாட்டு இயந்திரங்கள் வந்த பெட்டிகளைப் பிரித்துச் செய்தது. தலைமாட்டில் கண்ணாடிக் கோப்பைப் படம், குடைப் படம், மேலே பார்க்கவேண்டிய அம்புக்குறி. தச்சர் அவசரத்தில் அம்பைத் தரைக்குத் திருப்பியிருந்தார். எல்லாம் குட்டியானை வண்டியில் ஏறி வந்தன. பாண்டுரங்கன் நாற்காலியில் இருந்தபடியே ஒவ்வொன்றையும் பார்வையால் இறக்கிவைத்தார்.

வண்டி போனதும் மரகதம் வந்தாள். பீரோவைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, உள்விளிம்பில் விரலை ஓட்டினாள்.

“சுகப்பிரியா. பேரு சோக்காக் கீதுப்பா.”

தன் மனைவியின் பெயரை அருள்பாண்டி அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டான். எட்டிப் பார்த்தான். ஆமாம், சின்ன எழுத்தில் பெயின்டால் எழுதியிருந்தது. கோளாறுப் பட்டியலில் பெயர் கிடையாது. அதனால் அவன் கண்ணில் படவில்லை.

“ஆமாக்கா,” என்றான். “எங்க மாமனார் வச்ச பேரு.”

அன்றிலிருந்து அவனுக்குச் சுத்தமாகத் தூக்கம் போய்விட்டது. பழைய அறையில் சத்தத்தால் தூங்கவில்லை. இங்கே அமைதியால் தூங்கவில்லை. கம்பெனி பஸ் காலையில் இறக்கிவிட்டதும் வந்து படுப்பான். கட்டில் லேசாக ஆடும். மரகதத்தின் செருப்புச் சத்தம் வருகிறதா என்று காது காவல் நிற்கும். வந்துவிடும். தினமும் பதினொரு மணிக்கு ஒரு கேள்வியோடு வந்துவிடும்.

“சுகப்பிரியாவுக்குத் தையல் தெரியுமாப்பா?”

“தெரியும்க்கா.” மறுநாள் ஒரு தையல் மிஷின் வந்தது.

“சாமி கும்பிடாதா அந்தப் பொண்ணு? ஒரு படமும் காணோம்?”

மறுநாள் மூன்று படம், ஒரு குத்துவிளக்கு, சுவிட்ச் போட்டால் தண்ணீர் ஓடுகிற அருவிப் படம் ஒன்று. கடைசியது சாமி அல்ல, தளவாய் கட்டாயப்படுத்திச் சேர்த்துவிட்டார்.

“கோலம் போடுவாளா?” கோலமாவு டப்பா. “மீன் கழுவ அருவாமன வேணுமே?” அருவாமனை. ஏதோ ஒரு கம்பெனி கெஸ்ட் ஹவுஸில் தொங்கிய ஜன்னல் திரை, காது உடைந்த டெடி பொம்மை, இட்லிப் பானை, எவர்சில்வர் அண்டா. கேள்வி வராத நாளில் அவனே பதறிப்போய் எதையாவது வாங்கிவந்தான். படுத்தால் எழுந்து பீரோவைச் சுவரோரம் தள்ளுவான், சரியில்லை என்று ஜன்னலோரம் தள்ளுவான், தையல் மிஷினை மூலைக்கு மாற்றுவான், சுகப்பிரியா இங்கே உட்கார்ந்தால் வெளிச்சம் போதுமா என்று யோசிப்பான். ஆடி பாதி போனபோது வீட்டில் குடும்பம் நடத்த எல்லாம் இருந்தது, காலை நீட்ட மட்டும் இடமில்லை. லைனில் கதவுகள் மெரூன் கலரில் வந்தால் உள்விளிம்பில் பெயர் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தான். கோதண்டராமன் தூரத்தில் நின்று அவன் கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடி நான்காவது வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். மரகதம் காலையிலேயே வந்தாள். “அந்த அண்டாவ குடுப்பா. கூழு எடுத்தாரணும். ரெண்டு தட்டு, ஒரு குடம் இருந்தா அதையும் குடு.”

எடுத்துக் கொடுத்தான். அவள் அண்டாவை வெளிச்சத்தில் திருப்பினாள். பிறகு தட்டுகளை. பிறகு குடத்தை. அவற்றை நிதானமாகத் தரையில் வரிசையாக வைத்துவிட்டுத் தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“பீரோவுல சுகப்பிரியா. அண்டாவுல ஜாஸ்மின். தட்டுல சசிரேகா. குடத்துல கலைமதி. ஏம்பா, ஆடிக்கு எத்தினி பேர அனுப்பி வச்சிக்கீற?”

சீர்ப் பாத்திரத்தில் பெண் பெயரை வெட்டிக் கொடுப்பார்கள் என்பது அருள்பாண்டிக்குத் தெரியாதது அல்ல. அவன் அக்காவுக்கு வெட்டும்போது பக்கத்தில் நின்றவன்தான்.

“அதெல்லாம்... சிநேகிதக்காரவுக குடுத்ததுக்கா. மொய்.”

“மொய்னா ‘அன்பளிப்பு’ன்னு போட்டிருக்கும். எனக்கேவா?” அவள் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினாள். “நாலு பொண்டாட்டி. ஒரே பிரஷு.”

அருள்பாண்டி கட்டிலில் உட்கார்ந்தான். கட்டில் ஆடியது. “யாரும் இல்லக்கா,” என்றான். “கல்யாணமே முடியல. எனக்குத் தூங்கணும், அம்புட்டுதான். இன்னொருக்க லைன்ல தூங்கினா வேல போயிரும். பேச்சலருக்கு எவனும் வீடு தரல.”

“அது ரெண்டாம் நாளே தெரியும்.”

“எப்படிக்கா?”

“ஆடிக்குப் போன பொண்ணு ஒரு போன் பண்ணாதா? உன் போன் அடிச்சு இந்தக் காது கேக்கவே இல்ல.”

“அப்ப ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?”

“சொல்லி வெளிய அனுப்பத்தான் தினம் வருவேன். இன்னா கேட்டாலும் மறுநாளு வாங்கியாந்து வச்சிடற. இன்னிக்கு இன்னா வந்துச்சோன்னு பாக்கவே நேரம் போயிடும்.” அவள் டெடியின் உடைந்த காதைப் பார்த்தாள். “அவுரு கைல சொன்னா இப்பவே சாமான வெளிய வைப்பாரு. பேச்சலருன்னா அவுருக்கு ஆவாது.”

சொல்லி வைத்ததுபோல் கேட்டிலிருந்து குரல் வந்தது.

“மரகதம்! எங்க கீற?”

அருள்பாண்டி கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். ஐடி கார்டு இன்னும் அங்கேதான் இருந்தது. மரகதம் வாயைத் திறந்தாள். அவள் சொல்லப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

“சுகப்பிரியா கைல பேசிக்கினு கீறேன்!”

கேட்டருகே நாற்காலி கிறீச்சிட்டது. “வந்துட்சா அது? ஆடி முடியலியே?”

“கம்பெனில லீவு குடுக்கலியாம்! கம்பெனிக்கு இன்னா ஆடி, ஆவணி?”

“எந்த ஷிப்டு?”

“நைட்டு! பகல்ல தூங்கும், வெளிய வராது! சத்தம் போடாத!”

மரகதம் காத்திருந்தாள். அருள்பாண்டியும் காத்திருந்தான். ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. பாண்டுரங்கன் தண்ணீர் கேட்கவில்லை. ரிமோட் கேட்கவில்லை. மணி கேட்கவில்லை. நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த ஒரு பெண் தூங்குகிறாள் என்றதும் அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார். மரகதத்தின் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. கல்யாணமான இருபத்தேழு வருடத்தில் முதல்முறையாக அவளை யாரும் கூப்பிடாத பத்து நிமிடம் அது.

“பீரோவ நடுவுல தள்ளு,” என்றாள்.

“எதுக்குக்கா?”

“தள்ளுன்றேன்ல.”

இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். பீரோ நடு அறையில் சுவர்போல் நின்றது. அந்தப் பக்கம் கட்டில். இந்தப் பக்கம் தையல் மிஷின், ஸ்டூல், அருவிப் படம்.

“நீ அங்க தூங்கு. நான் பதினொண்ணுக்கு வருவேன், பன்னெண்டரைக்குப் போயிடுவேன். கதவு தொறந்தே கெடக்கட்டும். எவனாவது கேட்டா சுகப்பிரியாவப் பாக்க வந்தேன்.”

“இங்க வந்து என்னக்கா செய்வீங்க?”

மரகதம் கொஞ்சம் யோசித்தாள். “ஒண்ணும் செய்ய மாட்டேன்.”

சொன்னபடியே செய்தாள். தினமும் வந்து அருவிப் படத்துக்கு சுவிட்சைப் போட்டுவிட்டு, போனில் சீரியல் வைத்துக்கொண்டு உட்காருவாள். அருள்பாண்டி அந்த வாரமே இரண்டாவது பிரஷ் வாங்கினான். அந்த வீட்டில் புதிதாக வாங்கியது அது ஒன்றுதான், தளவாய் கடையில் பிரஷ் கிடைக்காது. ஆவணி பிறந்தபோது பாண்டுரங்கன் கேட்டில் அவனை நிறுத்தினார்.

“உன் வூட்டுப் பொண்ண காலைல பாத்தேம்பா. பஸ்ஸ உட்டு எறங்கி வந்துச்சு. நிமிந்துகூட பாக்கல. தங்கமான பொண்ணு.”

“ஆமாங்க,” என்றான் அருள்பாண்டி.

“கொஞ்சம் மெலிஞ்சாப்ல தெரியுது. சாப்பிடச் சொல்லு.”

அடுத்த வாரம் தையல் மிஷினுக்கு நூல்கண்டு கேட்டுத் தளவாய் கடைக்குப் போனான். நூல் மரகதத்துக்கு. சும்மா இருந்து அலுத்துவிட்டதாம். தளவாய் நூல்கண்டைத் தேடிக்கொண்டே சொன்னார்:

“ஏலே, அந்த பீரோக்காரி வந்தா. சுகப்பிரியா. கம்பெனியில திரும்ப எடுத்துட்டாங்களாம். எம் பீரோ கெடக்கான்னு கேட்டா.”

அருள்பாண்டி அவர் பக்கம் திரும்பினான். “என்ன சொன்னீக?”

“வித்துப்போச்சுன்னேன். கொஞ்ச நேரம் நின்னா. பெறவு வேற ஒரு பீரோ எடுத்துட்டுப் போனா. பச்சக் கலரு. அதுல வேல்விழின்னு பேரு.”

“எந்த ஷிப்ட்டாம்?”

“கேக்கலியே. ஏன்ல?”

அருள்பாண்டி நூல்கண்டுக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். வீட்டுக்கு வந்து படுத்தான். கண்ணாடியிலிருந்த ஐந்து பொட்டுகளும் பீரோவின் அந்தப் பக்கத்தில் இருந்தன. எங்கோ பக்கத்து ஊரில் சுகப்பிரியாவிடம் ஒரு வீட்டுக்காரி “வேல்விழி, பேரு நல்லாக் கீது” என்று சொல்லிக்கொண்டிருப்பாள். புரண்டான். கட்டில் ஆடியது. அந்த இரண்டாவது பிரஷ்ஷை எடுத்துவிடலாமா என்று எழுந்தான், படுத்தான். பதினொரு மணிக்குச் செருப்புச் சத்தம் வந்தது. சுவிட்ச் விழுந்தது. சீரியலில் ஒரு மாமியார் கத்த ஆரம்பித்தாள். எப்போது கண் செருகியது என்று தெரியவில்லை.

திடீரென்று அமைதியானதில் விழிப்புத் தட்டியது. அவன் குறட்டையைக் கேட்டு மரகதம் போன் சத்தத்தைக் குறைத்துவிட்டிருந்தாள்.

“கொறைக்காதீங்கக்கா,” என்றான் பீரோவைப் பார்த்து. “முழிப்பு வந்துருது.”