தரையைப் பற்றி அவர் கேட்கவில்லை

விளம்பரத்தை எழுதியது நான். படம் எடுத்ததும் நான். பழியை இன்னொருவர் தலையில் கட்ட வழியில்லை. கட்டப் பார்க்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

"குதிரை டிரெய்லர் விற்பனைக்கு. ஒரு குதிரை தாராளமாக நிற்கும், நெருக்கினால் இரண்டு. டயர் இரண்டும் புதிது. கூரை ஒழுகாது. தரையில் புது ரப்பர் மேட். விலை நேரில். கம்பம்."

பந்தயக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் நான்கிலும், ஃபேஸ்புக்கிலும் போட்டேன். மொத்தம் ஆறு படங்கள். பக்கவாட்டில் வரைந்திருந்த பாயும் குதிரை பளிச்சென்று தெரிந்தது. வெயில் நேராக உள்ளே விழும் நேரம் பார்த்து எடுத்ததில் மேட் கருகருவென்று மின்னியது. எனக்கே வாங்கலாம் போல இருந்தது.

மேட்டுக்கு அடியில் என்ன இருந்தது என்பது எனக்கும், நான் மச்சான் என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர் ரியாசுதீனுக்கும் மட்டும்தான் தெரியும். குதிரை மூத்திரம் நான்கு வருடமாக ஊறிய பலகைகள். நடுவில் இரண்டு பலகைகள் போயே போய்விட்டன. விற்பதற்காக அந்த ஓட்டையின் மேல் ஒரு பிளைவுட் துண்டை அறைந்து, மேலே மேட்டை விரித்து, ஓரமெல்லாம் ஆணி அடித்திருந்தோம். தேவதானப்பட்டிப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த எங்கள் குதிரை பட்டாணி, வீடு திரும்பும் வழியில் அந்தப் பலகைகள் உடைந்துதான் காலை உள்ளே விட்டது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. கீழே தார்ச்சாலை. அதற்கு மேல் சொல்ல என்னால் ஆகாது.

"ஏறும்போது தாங்குச்சு ரெஹானா. நிக்கிறப்பயும் தாங்குச்சு. வளைவுலதேன் விட்டுருச்சு" என்று மச்சான் ஒரு வாரம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

தெருவில் கேட்டவர்களிடம், குதிரை பந்தயத்தில் விழுந்து இறந்ததாகச் சொன்னோம். சொல்லச் சொன்னது நான்தான். தரை போன விஷயம் வெளியே தெரிந்தால் டிரெய்லரை எவன் வாங்குவான்? வெல்டிங் பட்டறைக்காரர் வேறு அடிச்சட்டத்தைப் பார்த்துவிட்டு, மொத்தமாக மாற்றுவதற்குப் புதிதே செய்துவிடலாம் என்று கையை விரித்துவிட்டார்.

எனக்குக் காசு பெரிதில்லை. மச்சான் காலையில் எழுந்ததும் நேராக டிரெய்லருக்குள் போய் உட்கார்ந்துவிடுவார். சோறு ஆறிப்போகும். கடையைத் திறக்க மாட்டார். ஒரு மனுஷன் குதிரை நின்ற இடத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எத்தனை நாள்தான் பார்ப்பது? அந்தத் தகரப் பெட்டி என் வாசலைவிட்டுத் தொலைந்தால் போதும் என்று இருந்தது.

முதலில் வந்த போன்களெல்லாம் வீண். ஒருவர், குதிரை இலவசமா என்றார். இன்னொருவர், பிரியாணிக் கடை போடலாமா என்றார். மூன்றாம் நாள் ஆதித்தன் பேசினார்.

"பாயம்மா, உள்ள ஒரு ஆளு நிமிந்து நிக்கலாமா?"

குதிரையே நிற்கும்போது ஆள் நிற்க முடியாதா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பின்கதவுக்குக் கொண்டி வெளிப்பக்கமா? உள்ள இருந்து திறக்க முடியுமா?"

"முடியாது. குதிர எங்கயாச்சும் கதவத் திறக்குமா?"

"அப்பச் சரி. காத்து?"

"மேல ரெண்டு பக்கமும் கம்பி போட்ட சன்னல் இருக்கு."

மறுநாளே பொலிரோவில் வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. டயரைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கதவை மூடி, கொண்டியைப் போட்டு, காதைத் தகரத்தில் வைத்து, மச்சானை உள்ளே நின்று பேசச் சொன்னார். என்ன கேட்டது என்று எங்களிடம் சொல்லவில்லை. பக்கவாட்டுப் படம் கொஞ்சம் உரிந்திருக்கிறது, பெயிண்ட் அடித்துத் தரவா என்று கேட்டேன்.

"அந்தக் குதிர அப்படியே இருக்கட்டும். எனக்கு அதேன் முக்கியம்" என்றார்.

உரிந்த படம் இவருக்கு எதற்கு என்று ஒரு சந்தேகம் எட்டிப்பார்த்தது. ஆனால் அவர் தரையைப் பற்றிக் கேட்கவில்லையே என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. பேச்சு முடிந்து அவர் கிளம்பும்போது மச்சான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, அந்தத் தர..."

"டீ குடிச்சிட்டுப் போங்கண்ணே" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

டிரெய்லர் தெருமுனை திரும்பும்வரை மச்சான் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று கடையைத் திறந்தார், சோறு தின்றார். என்னோடு மட்டும் பேசவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் சோணையக்கா வந்தாள். பின்வீட்டுக்காரி, சோணையம்மாள். கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். விடிந்ததும் ஜீப்பில் கம்பமெட்டு மலை ஏறிப் போய், இருட்டுவதற்குள் திரும்புவாள். எனக்குப் பிள்ளை பிறந்தபோது ஒரு மாதம் அவள்தான் என் துணியைத் துவைத்தாள். முகமெல்லாம் சிரிப்பாக வந்து படியில் உட்கார்ந்தாள்.

"ஏத்தா ரெஹானா, நாளையிலருந்து நான் உன் வண்டியிலதேன் போப்போறேன்!"

"எந்த வண்டி?"

"குதிர வண்டிதேன். ஜீப்புல அளவுக்கு மேல ஆள் ஏத்துனா போலீசு வழியில நிப்பாட்டிப் பிடிக்கிறாகல்ல? அதேன் எங்க காண்ட்ராக்டர் ஆதித்தன் மூடுன வண்டியா வாங்கிட்டாரு. வெளிய பாத்தா குதிர போற மாதிரிதேன் தெரியுமாம். சத்தம் போடாம நிக்கணுமாம்."

நான் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன்.

"பெட்டிக்குள்ள அடைச்சுப் போறதாண்டு மத்தவளுக பயந்தாளுக. நான்தேன் சொன்னேன், அது நம்ம ரெஹானா வீட்டு வண்டி, நாலு வருசமா என் கண்ணு முன்னாடி நின்ன வண்டி, நம்பி ஏறுங்கண்டு. பதினாலு பேரு வாரோம்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், தெரிந்தேதான் விற்றேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே! வெட்கம் என் வாயைக் கட்டிப்போட்டது.

"போகாதக்கா. நெரிசலா இருக்கும்" என்றேன்.

"பஞ்சு மெத்தையிலயா போய் வந்தோம் இத்தன நாளா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

உடனே ஆதித்தனுக்குப் போன் போட்டேன். தரை சரியில்லை, வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், காசை முழுசாகத் தருகிறேன் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"வேற யாரும் கூடுதல் வெலைக்குக் கேட்டாகளா, பாயம்மா?"

அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தும் அவர் எடுக்கவில்லை.

விடிந்தும் விடியாமல் மச்சான் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், போனைக்கூட எடுக்காமல் ஓடினேன். கம்பமெட்டு ரோடு பிரிகிற இடத்தில் பொலிரோவும் அதன் பின்னால் என் டிரெய்லரும் நின்றன. தூக்குவாளியும், மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணிச் சாக்குமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். நான் அவர்களை விலக்கிக்கொண்டு முன்னே போனேன்.

"யாரும் ஏறாதீக! தர உளுத்துப் போயிருக்கு. எங்க குதிர கால் இதுலதேன் போச்சு!"

சோணையக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள். "பந்தயத்துல விழுந்துதேன் செத்துச்சுண்டு நீதான ஆத்தா சொன்ன?"

ஆதித்தன் கோபப்படவே இல்லை. போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி என் விளம்பரத்தைப் படித்தார். தரையில் புது ரப்பர் மேட் என்ற இடத்தில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். "நீங்க எழுதுனதுதான?" என்றார். பிறகு உள்ளே ஏறி, சரியாக நடுவில் நின்று, இரண்டு தடவை குதித்தார். தரை முனகக்கூட இல்லை.

ஏறும்போது தாங்கும். எனக்குத் தெரியும். அதை எப்படி இவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது?

"வித்ததுக்கு மேல வெல வந்திருக்கும் போல" என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். நான் உள்ளே பாய்ந்து மேட்டின் ஓரத்தை இழுத்தேன். நகம் பிய்ந்ததுதான் மிச்சம். நானே பக்கத்தில் நின்று அடிக்கச் சொன்ன ஆணிகள், ஒன்றுகூட அசையவில்லை.

"நான் இறங்க மாட்டேன். என்னையும் வச்சுக்கிட்டு எப்படிப் போறீகண்டு பாக்குறேன்" என்று கத்தினேன்.

"அப்ப நீங்களும் வாங்க" என்றார் ஆதித்தன். கதவு மூடியது. வெளியே கொண்டி விழுந்தது.

தகரத்தைக் கை வலிக்கத் தட்டினேன். பொலிரோ உறுமிக் கிளம்பிவிட்டது. சத்தம் போடாதே என்று ஒருத்தி என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையைத் தள்ளிவிட்டு, நடுப்பக்கம் வராதீர்கள், சுவரோரமாக நில்லுங்கள், கம்பியைப் பிடியுங்கள் என்று கெஞ்சினேன். என் குரலில் என்ன கேட்டதோ, சிரிப்பு நின்றது. சிலர் ஒதுங்கினார்கள். பதினைந்து பேர் நிற்கிற இடத்தில் எவ்வளவுதான் ஒதுங்க முடியும்? நான் கால்களை அகட்டி, பிளைவுட்டுக்கு இரண்டு பக்கமும் ஊன்றி, அவர்கள் உள்ளே வராதபடி கைகளை விரித்து நின்றேன். உள்ளங்காலுக்குக் கீழே ரப்பர் மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது.

சாலை மேலே ஏறத் தொடங்கியது. எல்லோரும் ஒரு அடி பின்னால் சாய்ந்தோம். இருட்டில் சோணையக்காவின் காய்ப்பு ஏறிய கை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"ரெஹானா" என்றாள். குரல் தணிந்திருந்தது. "தெரிஞ்சுதேன் வித்தியா?"

இந்தத் தடவை நான் குறுக்கே விழவில்லை.

"தெரிஞ்சுதேன்க்கா."

அவள் கை என் கையை விட்டது. டிரைவர் ஹார்ன் அடித்தான். முதல் வளைவு வந்தது.