மூன்று வாரமாக முதலிடம்

"நாலு மணிக்கு நசரத்பேட்டைலருந்து எம்பொண்ணு சுவேதாவைப் பொண்ணு பாக்க வராங்க. எவனா கேட்டா, பாட்டுல வர கமலம் வேற ஆளுன்னு சொல்லிடு வேம்புலி. உன்னாண்ட நான் கேக்கறது அது ஒண்ணுதான்." வாசலில் நின்று இவ்வளவையும் சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் கமலம் போய்விட்டாள். ஒரே தெருதான். ஆனால் அந்தப் பாட்டு வந்த இருபத்தேழு வருஷத்தில் அவள் வேம்புலியிடம் பேசிய முதல் பேச்சு அது.

என்ன பாட்டு என்கிறீர்களா? 'கள்ளிக்குப்பம் கமலத்துக்குக் கண்டக்டரு மேல கண்ணு.' கானாவென்றால் ஆளின் பேரையும் ஏரியாவையும் போட்டுப் பாடினால்தான் கெத்து. வேம்புலியும் துணிந்து அவள் பேரைப் போட்டுப் பாடினான். அன்றைக்குக் கேசட்டில் வந்து ஆவடி ரோட்டு ஆட்டோக்களில் எல்லாம் அலறியது. பிறகு கொஞ்ச நாள் காலர் ட்யூன். அதற்கப்புறம் சனியன் ஒழிந்தது என்றுதான் அவள் நினைத்திருப்பாள். இப்போது எவனோ புது பீட் போட்டுவிட, மூன்று வாரமாக டிரெண்டிங்கில் முதலிடம். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிற மனுஷனை வழிமறித்து செல்ஃபி எடுக்கிறார்கள். சந்தோஷம் இல்லாமலா? இருந்தது, இன்று காலை வரைக்கும் இருந்தது.

நாலரை மணிக்குக் கமலம் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா அவனைப் பார்க்க வேண்டுமாம். வேம்புலி சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

மாப்பிள்ளை பரத் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவன் அம்மா பேபி ஒரு கையில் காபியும் மறு கையில் போனுமாக இருந்தாள். போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கமலம் பஜ்ஜித் தட்டோடு அப்படியே நின்றாள்.

"நல்லாத்தான் பாடிக்கீறீங்க," என்றாள் பேபி. "இதுல வர கமலம் இவங்கதானா?"

"வேற ஆளும்மா."

"அதான பாத்தேன். அந்த மாதிரி பொம்பள ஊட்ல எப்டி பொண்ணு எடுக்கறது?" பேபி சிரித்துக்கொண்டே ஒரு வாய் காபி குடித்தாள். சம்பந்தம் முடிந்த மாதிரிதான். கமலமும் சிரித்து வைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம்.

போகவில்லை. "நான்தாங்க அது," என்றாள். "இவனைக் கட்டிக்க மாட்டேன்னு சொன்னேன். அந்தக் காண்டுல கட்டின பாட்டு. எந்தக் கண்டக்டருன்னு இவனையே கேளுங்க."

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். இன்னொரு பொய் சொல்ல வேம்புலிக்கு நாக்கு எழவில்லை. போனில் அவனுடைய இளவயசுக் குரல் குஷியாகப் பாடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் போதும் போலிருந்தது அவனுக்கு.

"எந்தக் கண்டக்டரும் கெடையாதும்மா," என்றான். "டெய்லி மண்ணூர்பேட்டைலருந்து இவங்க ஏறுற பஸ்லயே இவங்க பின்னாடி வந்துகினு இருந்தது நான்தான்."

பேபி காபியைக் குடிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. உள்ளறையிலிருந்து பட்டுப்புடவையோடு சுவேதா வெளியே வந்து, பஜ்ஜித் தட்டை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றாள்.